தரை பார்க்கிறவர்

"எப்படி இருக்கீக அண்ணாச்சி?" என்று போகிற போக்கில் கேட்டுவிட்டு அவரிடமிருந்து யாரும் தப்பிக்க முடியாது. ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். பதிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "நல்லாருக்கேன்" என்று அவர் சொல்ல வேண்டும், நாம் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். அவர் அப்படி விடமாட்டார். நார்க்கட்டிலில் உட்கார்ந்தபடியே கையைக் காட்டி நம்மை நிறுத்துவார். கண்ணை மூடிக்கொள்வார். தன் உடம்புக்குள் ஓர் ஆளை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னது போலக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். அப்புறம்தான் பதில் வரும்.

"வலது கால் முட்டி வரைக்கும் இருக்கு. அதுக்குக் கீழ மரத்துக் கிடக்கு. இடது பெருவிரல் நேத்து இருந்துச்சு, இன்னைக்குக் காணோம். வயித்தைச் சுத்திக் கட்டுன கயிறு மட்டும் விடமாட்டேங்குது. நீ எப்படி இருக்க தாயி?"

"நான் நெறகுடத்தோட நிக்கிறேன் அண்ணாச்சி. இடுப்பு ஒடியுது."

"இதுதான் பதிலு" என்று சிரிப்பார். கேலியாகச் சொல்கிறாரா, மெச்சுகிறாரா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

சிவகாசியில் நாங்கள் குடியிருந்தது ஒரு வளவில். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள், நடுவில் ஒரு கிணறு. என் வாசலுக்கு நேர் எதிர் வாசல் அவருடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி அது. நான் கல்யாணமாகிக் காரியாபட்டியிலிருந்து வந்த புதிது. அவர் நாரணாபுரம் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். நானும் அதே கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டினேன். வெடிக்கு மேல்கூடு நாங்கள் செய்வது; அதற்குள் போகிற மருந்தைக் கலப்பது அவருடைய ரூமில். வளவு முழுக்க அவருக்கு அண்ணாச்சி என்றுதான் பெயர். அவர் மனைவி எங்களுக்கெல்லாம் மதினி.

வந்த முதல் வாரத்திலேயே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். புதுப்பெண் என்று மற்ற ஐந்து வீட்டுக்கும் புளிக்குழம்பு கொடுத்தனுப்பினேன். நாலு வீட்டில் "அமிர்தமா இருக்கு" என்றார்கள். அண்ணாச்சி கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்து, "உப்பு சரியா இருக்கு. புளி ஒரு பிடி கூட. அடிப் பிடிச்சிருக்கு, மேலாக மொண்டு அனுப்பியிருக்க" என்றார். அடிப் பிடித்தது உண்மை. இந்த மனுஷனோடு மதினி எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாளோ என்று அன்றைக்கு நினைத்தேன். இன்னொரு ஐந்து வருஷம் கழித்து வேறு மாதிரி நினைத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. காலையில் மருந்து ரூமைக் கழுவித் துடைத்துக் காயவிடுவார்கள். வழுவழுவென்ற சிமெண்டுத் தரை. காய்ந்ததும் அண்ணாச்சி கால் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே போவார். ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு, அடிமேல் அடி வைத்து நடப்பார். திரும்பி வருவார். மறுபடி போவார். ஒரே ஒரு மணல் கிடந்தாலும் அவர் பாதம் கண்டுபிடித்துவிடும். நின்ற இடத்திலேயே நின்று ஈரத்துணி கேட்பார். மருந்து கலக்கிற இடத்தில் ஒரு மணல் உரசினால் போதும், உள்ளே இருக்கிற நாலு பேரையும் அள்ளித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அவர் வாசலுக்கு வந்து "ஆகட்டும்" என்று சொன்ன பிறகுதான் கந்தகமும் வெடியுப்பும் உள்ளே போகும். இதற்குத் 'தரை பார்ப்பது' என்று பேர்.

அதனால் அந்தப் பாதங்களை அவர் வளர்த்த சீர் இருக்கிறதே, அதை ஊரே கேலி செய்தது. நாங்கள் எல்லாம் வெறுங்காலோடு முள்ளிலும் கரிசல் வெடிப்பிலும் நடந்து பாளம் பாளமாக வெடித்த குதிகால்காரர்கள். அவர் தெருவுக்கு டயர் செருப்பு இல்லாமல் இறங்கமாட்டார். தினமும் விளக்கு வைத்ததும் மதினி விளக்கெண்ணெய் எடுத்து அவர் உள்ளங்கால் இரண்டிலும் தேய்த்துவிட வேண்டும். "புதுப்பொண்ணுக்குக் கூட இம்புட்டு நலங்கு கிடையாது" என்று நான் எதிர் வாசலிலிருந்து சொல்வேன். "கண்ணாடி போட்டவன் கண்ணாடியைத் துடைக்கிறதில்லையா? அந்த மாதிரித்தான்" என்பார். மதினி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள்.

அந்தக் கால்களைத்தான் அது பிடித்தது.

ஆனி மாதம். தீபாவளி ஆர்டர் குவிந்து, பொழுது விடிவதும் தெரியாமல் அடைவதும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தோம். இரண்டு நாளாக முதுகு வலிக்கிறது, வயிற்றைச் சுற்றி யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கிறது என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருந்தார். வாயுவாக இருக்கும் என்று மதினி ஓமத்தண்ணி கொடுத்தாள். மூன்றாம் நாள் காலை மருந்து ரூமுக்குள் கால் வைத்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மண்ணு" என்றார்.

துடைத்தார்கள். மறுபடி கால் வைத்தார். "மண்ணு. தரை முழுக்க மண்ணு. என்னலே கழுவுனீங்க?" என்று சத்தம் போட்டார். திரும்பக் கழுவினார்கள். காயும்வரை நாலு பேரும் வெளியே நின்றார்கள். மூன்றாவது தடவையும் அதே பேச்சு. துடைத்த துணியைக் கொண்டுவந்து காட்டினார்கள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது. எங்கள் ஷெட்டுக்கும் மருந்து ரூமுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம்தான். குழாய் உருட்டுவதை விட்டுவிட்டு நாங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அந்தத் துணியையே பார்த்தார். வெளியே வந்து மரத்தடியில் நின்று பார்த்தார். ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று பார்த்தார். அப்புறம் கீழே உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்து, உள்ளங்கையால் பாதத்தைத் தடவினார். ஒரு பொடி மண் இல்லை.

"தரையில இல்லப்பா" என்றார். "எனக்குள்ள இருக்கு."

"இன்னைக்கு வேலையை ஆரம்பிக்காதீங்க. என்னால சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்தார். மத்தியானம் கால் மடங்கியது. பொழுது அடைவதற்குள் இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் சொல்பேச்சுக் கேட்கவில்லை. முதலாளி தன் காரையே கொடுத்து மதுரைக்கு அனுப்பினார்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பார்க்கப் போனோம். நல்ல நேரத்தில்தான் போனோம், டாக்டர் வந்திருந்தார். அண்ணாச்சியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குண்டூசியால் காலில் அங்கங்கே தொட்டுக்கொண்டே வந்தார். "குத்துதா?" "தெரியலை." "இங்க?" "தெரியலை." "இங்க?" "தெரியலைங்க." மதினி கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டு, மூடியிருக்கிற அவர் கண்ணுக்குத் தலையை ஆட்டி ஆட்டிச் சாடை காட்டுகிறாள், குத்துதுன்னு சொல்லுங்க, சொல்லுங்க என்று. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஊசி தொப்புளுக்கு மேலே, நெஞ்சுக்குக் கீழே வந்தபோது அவர் சடக்கென்று "இங்க குத்துது" என்றார். அங்கே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே முழு மனுஷன். கையும் தோளும் புத்தியும் அப்படியே. கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை.

டாக்டர் போனதும் மதினி பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு ரெண்டு இடத்துல குத்துதுன்னு சொன்னா என்ன? அவுகளுக்கும் ஒரு சந்தோசமா இருக்கும்ல?"

"நான் பொய் சொன்னா நரம்பு நம்பிருமா?" என்றார் அவர்.

முதுகுத் தண்டுக்குள்ளே போகிற நரம்பு வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏன் வந்தது என்று தெரியாது. சிலருக்கு முழுதாகத் திரும்பும், சிலருக்குப் பாதி திரும்பும், சிலருக்கு அப்படியே நின்றுபோகும். இவருக்கு எப்படி என்று இப்போது சொல்ல முடியாது. மதினி இதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். படுத்திருந்தவருக்கோ அந்த டாக்டரை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. "நல்ல மனுசன். தெரியாததைத் தெரியலைன்னுட்டாரு பாரு" என்றார்.

மூன்று மாதம் கழித்து ஒரு கட்டிலில் படுக்கவைத்து வளவுக்குள் தூக்கிவந்தார்கள். செய்வினை என்று ஒருத்தர், எல்லைக் கருப்பு அடித்துவிட்டது என்று ஒருத்தர், மந்திரித்த கயிறு நாலு, திருநீறு ஒரு பொட்டலம். எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். "இதால வருமா?" என்று கேட்டால் "தெரியலை" என்பார். முதுகு புண்ணாகிவிடாமல் மதினி இரண்டு மணிக்கொரு தடவை அவரைப் புரட்டிப் போட வேண்டும். சிறுநீருக்குக் குழாய் வைத்திருந்தது. மதினி ஒரு நாளும் மூக்கைச் சுளித்ததில்லை. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பாதி மதினியைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அவரை ஒரு மகான் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வருஷத் தீபாவளிக்குத் தெருவெல்லாம் வெடிக்கிறது, எங்கள் கம்பெனிச் சரக்கும் சேர்த்துத்தான். நான் அதிரசத் தட்டோடு போனேன். தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு கிடந்தார். ஒரு கை முஷ்டி பிடித்துத் தன் தொடையையே குத்திக்கொண்டிருந்தது. "எப்படி இருக்கீக" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "மோசமா இருக்கேன் தாயி. இன்னைக்குக் கேக்காத, போ" என்றார். தட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கார்த்திகையில் ஒரு காலை, மதினி முற்றத்தில் ஓடிவந்து நின்றாள். "விரல் அசைஞ்சிருச்சு! வலது பெருவிரல்!" அவ்வளவுதான். பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போவதுபோல் ஆறு வீடும் கிளம்பிப் போனோம், ஒருத்தி கற்கண்டு கூட எடுத்துக்கொண்டு. கட்டிலைச் சுற்றி நின்று அந்த விரலையே பார்க்கிறோம். விரல் சும்மா இருக்கிறது. அவர் முகம் வேர்க்கிறது.

"இப்ப இல்லை" என்றார். "காலையில இருந்துச்சு."

"சும்மா லேசா ஆட்டுங்க அண்ணாச்சி" என்றாள் கற்கண்டு கொண்டுவந்தவள்.

"ஆட்டுனா ஆடணும்ல. நாளைக்கு வாங்க. நாளைக்கும் இருக்கும்னு சொல்லலை."

மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. எல்லோரும் மதினியைப் பாவம் என்று பார்க்கத் தொடங்கினோம். நாலாம் நாள் அந்த விரல் வந்தது. கூடவே பக்கத்து விரலையும் கூட்டிவந்தது. அதிலிருந்து அப்படித்தான். ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. முழங்கால் மடங்கும், மறுநாள் கட்டையாக விறைக்கும். அவர் தினமும் காலையில் கண்ணை மூடி, மேலிருந்து கீழே, விரல் விரலாகப் போய்ப் பார்த்துவிட்டு இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று இருந்தது என்பதற்காக இன்றைக்கும் இருப்பதாக ஒரு நாளும் சொன்னதில்லை.

செங்கல் விஷயத்தை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். மார்கழிக் குளிரில் அவர் கால் விறைத்து இழுத்துக்கொண்டது. செங்கல் ஒத்தடம் கொடுத்தால் கேட்கும் என்றார்கள். மதினி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் செங்கலை அடுப்பில் காயவைத்து, துணியில் சுற்றிப் பாதத்தில் வைத்தேன். "சூடு போதுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"தெரியலை தாயி" என்றார்.

போதவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் காயவைத்தேன். மறுபடி கேட்டேன், மறுபடி தெரியலை. மூன்றாவது தடவை துணியில் கருகல் வாடை வந்ததும்தான் என் புத்திக்கு உறைத்தது. எடுத்துப் பார்த்தால் இடது உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். எண்ணெய் போட்டு வளர்த்த பாதம். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவர் காலைக் கையால் தூக்கித் திருப்பிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என் மேல" என்றார். "தெரியலைன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திட்டேன். தெரியலைன்னா எடுத்துருன்னு சேத்துச் சொல்லியிருக்கணும். தெரியாத இடத்துல வேலையை நிறுத்தணும் தாயி. ரூம்ல அதைத்தான செஞ்சோம்?"

அந்தப் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. மதினி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அது நியாயம்தான்.

நடக்கத் தொடங்கியது அடுத்த வருஷம். முற்றத்தில் இரண்டு மூங்கில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்புறம் ஒரு கம்பு. நடக்கும்போது குனிந்து காலையே பார்த்துக்கொண்டு நடப்பார். கூச்சமாக்கும் என்று நாங்கள் நினைத்தோம். ஒரு நாள் கிணற்றடியில் நின்று முகத்துக்குச் சோப்புப் போட்டார். போட்டவர் அப்படியே வேரோடு சாய்ந்தார். ஓடிப்போய்த் தூக்கினோம். முகமெல்லாம் நுரை, அதற்குள்ளிருந்து சிரிக்கிறார். "கண்ணை மூடுனா காலு போயிருது தாயி. பாத்துக்கிட்டே இருந்தாத்தான் அது அங்கன இருக்கு." அதற்குப் பிறகு உட்கார்ந்துதான் முகம் கழுவினார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். மதினிக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அண்ணாச்சி நடக்கிறார். நடந்துவிட்டால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தார்கள். செய்தி முதலாளி காதுக்கும் போனது.

கம்பெனியில் அப்போது நிலைமை சரியில்லை. அண்ணாச்சிக்குப் பதில் ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நல்லவர்தான், ஆனால் பாளம் வெடித்த பாதம். ஒரு நாள் காலை ரூமில் குப்பென்று தீப் பிடித்து, உள்ளே இருந்த ஒருவருக்கு இரண்டு கையும் வெந்துபோயின. போர்மேன் அன்றைக்கே ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மற்ற ஆட்கள் மருந்து ரூமுக்குள் போகமாட்டோம் என்றார்கள். மருந்து இல்லாமல் எங்கள் குழாய்கள் மலை மாதிரிக் குவிந்தன. எங்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதலாளி வளவுக்கே வந்தார். "என்ன போர்மேன், எப்படி இருக்கீக?" என்றார். அண்ணாச்சி கண்ணை மூடப் போனார். அதற்குள் மதினி முந்திக்கொண்டு, "நல்லாருக்காக. கடைத்தெரு வரைக்கும் நடக்காக" என்றாள்.

"அது போதும். நீங்க வந்து தரையில நடந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஆளுக தைரியமா உள்ள போவாக" என்றார் முதலாளி.

அவர் போனதும் மதினி நேரே என் வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "செங்கல் கதையை யார்கிட்டயும் சொல்லிராத. ரெண்டு வருசமா அவுக கட்டில்ல கிடந்து மனசு செத்துக் கிடக்காக. அந்த ரூம்ல நின்னாத்தான் உசிரு வரும். நடந்துதான காட்டணும்? நடந்துருவாக" என்றாள். நான் தலையாட்டினேன். மதினிக்காக மட்டும் ஆட்டவில்லை. எனக்கும் வேலை வேண்டியிருந்தது. அந்த ரூமுக்குள் போகப்போகிற நாலு பேரையும் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுப் பெண்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து குழாய் உருட்டுகிறவர்கள். தெரிந்தும் தலையாட்டினேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை. அண்ணாச்சியை வண்டியில் கூட்டிவந்தார்கள். வேப்பமரத்தடியில் நாங்கள் எல்லாரும், மதினியும். ரூமைக் கழுவிக் காயவைத்திருந்தார்கள். அவர் கால் கழுவினார், துடைத்தார். கம்பை வாசலில் சாத்திவிட்டு உள்ளே போனார். ஒரு சுவரிலிருந்து மறு சுவர். குனிந்து காலைப் பார்த்தபடி, அடிமேல் அடி. திரும்பினார். மறுபடி. கொஞ்சம் தள்ளாடினாலும் பழைய நடைதான். நாலு பேர் முகத்திலும் தெளிவு வந்தது. மதினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் ஒருவேளை வந்துவிட்டதோ, பாதத்துக்கு உயிர் வந்துவிட்டதோ என்று ஆசை வந்துவிட்டது.

அவர் தூரத்துச் சுவரோரம் போய் நின்றார்.

"ஆகட்டுமா போர்மேன்?" என்றார் முதலாளி.

அண்ணாச்சி கண்ணை மூடவில்லை, மூடினால் விழுந்துவிடுவார். சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தன் பாதத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் ரூம் அவருடையது, பேர் அவருடையது, எங்கள் வேலை எங்களுடையது. உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

"தெரியலை" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. "என் காலுக்குத் தரை தெரியலை. நடக்க முடியுது. தெரியலை. தெரியலைன்னா நிறுத்தணும்" என்றார். சொல்லிவிட்டுச் சுவரோடு சரிந்து தரையில் இறங்கினார்.

விழுந்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தோம். முதலாளி பதறிக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தார், பின்னாலேயே இரண்டு பேர். "வராதீக!" என்று ஒரு சத்தம். பழைய போர்மேன் சத்தம். "கால்ல மண்ணோட எவனும் உள்ள வரக்கூடாது!" முதலாளி வைத்த காலை அப்படியே பின்னால் எடுத்தார்.

அண்ணாச்சி சட்டையைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு உள்ளங்கையையும் தரையில் பரப்பினார். கோட்டுக்கு மேலே இருந்த முழு மனுஷன் வேலையைத் தொடங்கினார். உள்ளங்கையால் ஒரு தடவல், முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தால் ஒரு தடவல், சந்தேகம் வந்த இடத்தில் கன்னத்தையே வைத்து ஒரு தடவல். கால்கள் பின்னால் இழுபட்டு வந்தன. அத்தனை பேர் பார்க்க, குழந்தை தவழ்கிற மாதிரித் தவழ்ந்து, ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போனார், திரும்பி வந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வெயில் மரத்தைத் தாண்டி வாசலுக்கு வந்துவிட்டது. ஒருவரும் நகரவில்லை. சாமி வந்து இறங்கியிருக்கிற இடத்தில் நிற்கிற மாதிரி எனக்கு மயிர்க்கூச்செடுத்தது.

ரூமின் நடுவில் அவர் கை நின்றது. துடைத்தும் லேசாக ஈரம் பதிந்த அவருடைய பாதத் தடம் அங்கே காய்ந்த பிறகும் மங்கலாகத் தெரிந்தது. அதற்குள்ளிருந்து எதையோ நகத்தால் எடுத்தார். இன்னொன்று. இன்னொன்று. வாசலுக்குத் தவழ்ந்து வந்து உள்ளங்கையை முதலாளியிடம் நீட்டினார். மூன்று மணல்.

"இதுக மேலதான் நடந்தேன். ரெண்டு தடவை" என்றார்.

கை வெந்த ஆளுடைய தம்பி அந்த நாலு பேரில் ஒருவன். அவன்தான் முதலில் கால் கழுவப் போனான். அண்ணாச்சி படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்ப ஆகட்டும்" என்றார்.

அதற்குப் பிறகு பல வருஷம் அவர் அந்த ரூமுக்குத் தவழ்ந்துதான் தரை பார்த்தார். வேறு கம்பெனி ஆட்கள் வந்து எட்டிப்பார்த்துச் சிரித்ததும் உண்டு. நோயும் முழுதாக விட்டுப்போகவில்லை. சில நாள் கால் வராது, சில நாள் வயிற்றுக் கயிறு இறுக்கி எழுந்திருக்கவே விடாது. அன்றைக்கு ஆள் அனுப்புவார், "இன்னைக்குத் தெரியலை" என்று. அன்றைக்கு மருந்து கலக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்து அவர் இருந்தவரை அந்த ரூமில் ஒரு பொறி பறக்கவில்லை.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது அந்தத் திங்கட்கிழமை விளக்கு வைத்த நேரம்தான். வண்டியில் வரும்போது மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே வந்தாள். ஊர் பார்க்கப் புருஷன் தவழ்ந்ததில் உடைந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். நான் தலையாட்டியதைச் சொல்லி அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று முற்றத்தைத் தாண்டிப் போனேன். கதவு திறந்திருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது முட்டி தோல் உரிந்திருந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்காது. மதினி கீழே உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் விளக்கெண்ணெய்க் கிண்ணம். இரண்டு வருஷமாக எடுக்காத கிண்ணம்.

அவருடைய உள்ளங்கைகளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் விரலாக, முழங்கை வரைக்கும். இரண்டு கையும் முடிந்தது. கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மதினி அவர் இடது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், நான் சுட்டுவைத்த தழும்புக் காலை. உள்ளங்காலில் எண்ணெயை ஊற்றித் தேய்த்தாள்.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாசலிலேயே நின்றேன்.

"தெரியலை" என்றார்.

"சரி" என்றாள் மதினி. மற்றக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.